பத்திரிகையில் விட்டுப்போன பெயர்

என் எடை பதினெட்டு கிலோவாகிவிட்டது. தங்கை தமயந்தியின் கல்யாணத்துக்கு நான்கு நாள்தான் இருந்தது. இருபது கிலோவுக்குக் குறைந்தவர்களை மண்டபத்தில் விடமாட்டார்கள். மின்விசிறிகள் அதிகம். ஆனால் தங்கை கையில் பொரி அள்ளிப்போட வேண்டிய அண்ணன் நான் ஒருவன்தான்.

இளைத்ததற்குக் காரணம் என் குடலில் குடியிருக்கும் இருவர். மாசிலாமணி நான் தின்னும் கீரைத்தண்டையும் அவரைத் தோலையும் நொதிக்கவைத்துச் சத்தாக்குகிறவர். அப்போது கிளம்பும் வாயுவைக் குடித்துத் தீர்ப்பவர் அரியநாயகம். அவர் குடிக்காவிட்டால் இவர் வேலை ஓடாது.

கல்யாணப் பத்திரிகையில் மாசிலாமணியின் பெயரைப் போட்டேன். அரியநாயகத்தை மறந்துவிட்டேன். அன்றே அவர் குடிப்பதை நிறுத்திவிட்டார்.

இந்த மாதிரி கோபத்தை நேரில் போய்த்தான் தீர்க்க வேண்டும். தாம்பூலத் தட்டோடு என் வயிற்றுக்குள் இறங்கினேன். குடல் நடை ஆறு மீட்டர் என்று நுழைவில் எழுதியிருந்தது. நடக்க நடக்க நீண்டது. போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது.

அரியநாயகம் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார். மாசிலாமணி ஊதிப்போய்க் கூரையில் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"தப்புதான் சித்தப்பா. அச்சகத்துல விட்டுட்டாங்க."

"எழுதிக் குடுத்தது யாரு?" என்றார் அரியநாயகம்.

"நான்தான்."

"அவன் பேரு மட்டும் ஞாபகம் வந்துச்சாக்கும்."

"அவரு சத்தம் போடுவாரு. அதான்."

"நான் சத்தம் வராமப் பாத்துக்கிட்டேன். அதான் நான் செஞ்ச தப்பு."

எனக்கு வெட்கமாக இருந்தது. தட்டை நீட்டியபடியே நின்றேன்.

"வேற பத்திரிகை அடி. எம்பேரு மொதல்ல வரணும்."

"இடமில்லையே சித்தப்பா."

"யாரையாவது எடு."

"என்னை எடுத்தா நான் வேலை பாக்க மாட்டேன்" என்றார் மாசிலாமணி, கூரையிலிருந்து.

அவர் சொன்னதும் நியாயம்தான். பெண்ணை எடுக்க முடியாது. மாப்பிள்ளையையும் எடுக்க முடியாது. என் பெயரை எடுத்தேன்.

அரியநாயகம் எழுந்து உட்கார்ந்து ஒரு மடக்குக் குடித்தார். மாசிலாமணி மெல்லக் கீழே இறங்கினார்.

முகூர்த்தத்தன்று என் எடை அறுபத்திரண்டு. மண்டப மேலாளர் வாசலில் எடை பார்த்துவிட்டுப் பத்திரிகையைப் புரட்டினார்.

"எடை சரியா இருக்கு. பேரு இல்லையே."

"பொண்ணுக்கு அண்ணன் சார்."

"அப்படி யாரும் போடலையே. உங்களுக்குள்ள யாரு இருக்கா?"

"மாசிலாமணி, அரியநாயகம்."

"அவங்க போகலாம்."

அவர்கள் என் உடம்போடு உள்ளே போனார்கள். நான் வாசலில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நின்றேன். பொரி போட அண்ணனைக் கூப்பிட்டார்கள். பொரி விழும் சத்தம் கேட்டது. சிந்தாமல்தான் போட்டார்கள்.

"எளைச்சுட்டீங்கன்னு சொன்னாங்க. நல்லாத்தானே இருக்கீங்கண்ணே" என்று உள்ளே என் உடம்பிடம் சொன்னாள் தமயந்தி.

எனக்கு அழுகை வந்தது. கண்கள் உள்ளே இருந்தன.