தூக்கம் என்று எழுதச் சொன்னார்கள்

வைத்திலிங்கம் கொண்டுவந்த மாலை ஐஸ் பெட்டியைவிட நீளமாக இருந்தது. இரண்டு பேர் தூக்கிப் பெட்டியின் மேல் சார்த்தியதும் உள்ளே இருந்த முகம் மறைந்துபோயிற்று. எழிலரசி மாலையை ஒதுக்கி, அப்பாவின் முகம் தெரியும்படி வைத்தாள். கையெல்லாம் சம்பங்கி வாசனை ஒட்டிக்கொண்டது.

"பஸ்ஸு ஓனர் வந்திருக்காரு பாப்பா, கும்புடு" என்றார் ராஜாமணி, அவளுடைய தாய்மாமன்.

கும்பிட்டாள். வைத்திலிங்கம் அவளைப் பார்க்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உதட்டோரத்து வெற்றிலைச் சாற்றைத் துண்டில் துடைத்துக்கொண்டு, பந்தல் முழுவதற்கும் கேட்கும்படி பேசினார்.

"இருவது வருசம் நம்ம வண்டி ஓட்டுன மனுசன். ஒரு கீறல் விழுந்ததில்ல. என்னா பண்றது, கண்ணு அசந்துட்டாரு. வண்டியில ஒரு கொறையும் இல்ல. பிரேக்கு போன மாசந்தான் பாத்தது."

துக்கம் கேட்க வந்த இடத்தில் பிரேக் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. தலையைத் தலையை ஆட்டினார்கள். செத்தவன் மேல் பழியைப் போடுவதில் எவ்வளவு வசதி இருக்கிறது! அவன் எழுந்து வந்து மறுத்துப் பேசப்போவதில்லை.

நேற்றுக் காலை கடலூரிலிருந்து சிதம்பரம் வந்த பஸ், ஆலப்பாக்கம் தாண்டியதும் சாலையை விட்டு இடப்பக்கம் இறங்கி, ஒரு புளியமரத்தை உரசிக்கொண்டு வயலில் போய் நின்றது. டிரைவர் தங்கராசு ஸ்டியரிங் மேலேயே கவிழ்ந்து கிடந்தார். மற்றவர்களுக்குச் சிராய்ப்புதான். துறைமுகத்தில் சரக்கெடுத்துக்கொண்டு கிள்ளைக்குத் திரும்பிய கருவாட்டுக்காரி முத்தம்மாளுக்கு மட்டும் கை முறிந்துவிட்டது. போஸ்ட்மார்ட்டம் முடிந்து உடலைக் கொடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட் வர ஒரு மாதம் ஆகுமாம். ஊருக்கு ஒரு மாதம் காத்திருக்கும் வழக்கம் கிடையாது. அதோடு, பஸ்ஸில் இருந்த அத்தனை பேர் காதிலும் அந்த பஸர் சத்தம் விழுந்திருந்தது.

அந்த பஸரை வண்டியில் வைத்ததே எழிலரசிதான்.

கடலூர்ப் பக்கம் ஓர் இன்ஜினியரிங் கல்லூரி. டிரைவர் தூங்கினால் கண்டுபிடிக்கும் கருவி பற்றி அங்கே ஆராய்ச்சி. எட்டு மாதமாக எழிலரசிக்கு அங்கேதான் வேலை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வண்டிகளில் பொருத்திய கேமராக்கள் எடுத்துவந்த டிரைவர் முகங்களைப் பார்க்க வேண்டும். விழிப்பாக இருந்தால் ஒன்றை அழுத்த வேண்டும், அசதி என்றால் இரண்டு, தூக்கம் என்றால் மூன்று. இமை இரண்டு வினாடி மூடியிருந்தால் மூன்று. சத்தம் தேவையில்லை என்று ஆய்வகத்தில் யாரும் ஸ்பீக்கரே வைக்கவில்லை. கேமரா வைத்துக்கொள்ள டிரைவர்கள் குறைகிறார்கள் என்றபோது அவள்தான் அப்பாவைக் கேட்டாள். தங்கராசு மகள் சொன்னதைத் தட்டியதே இல்லை. ஸ்டியரிங்குக்கு எதிரே தீப்பெட்டி அளவில் ஒரு கேமராவும் பக்கத்தில் பஸரும் வந்து உட்கார்ந்தன. ஏறுகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லுவார்: "எம் பொண்ணு ஆபீஸு மிசினு. நான் கண்ண மூடுனா இது கத்தும்."

நேற்று அது கத்தியது. அப்புறம் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்?

தெருவில் சத்தம் கேட்டது. முத்தம்மாளின் மகன் சிலம்பரசன் வாசலுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தான்.

"தூங்கிக்கினே வண்டி ஓட்டுன ஆளுக்கு மேளம் ஒரு கேடா? எங்கம்மா அங்க கைய அசைக்க முடியாம கெடக்குது!"

மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டு அவனையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ராஜாமணி ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்து, "சாவு வூடுடா, அப்பறம் பேசிக்கலாம்" என்று கெஞ்சினார். தூங்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. சொந்த மச்சானுக்காக அந்த ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

உள்ளே அம்மா தைலம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து அழவில்லை. "அவுரு தூங்கல. காலையிலியே நெஞ்சு கரிக்குதுன்னாரு. சோடா குடிச்சிட்டுப் போனாரு" என்று நேற்று ஒரு தடவை சொன்னாள். பெண்டாட்டி வேறு எப்படிச் சொல்லுவாள் என்று கேட்டவர்கள் நகர்ந்துவிட்டார்கள்.

பதினொரு மணிக்குப் பேராசிரியர் பழனிவேல் வந்தார். சின்னதாக ஒரு மாலை, தோளில் லேப்டாப் பை. மாலையைப் போட்டுவிட்டு எழிலரசியைத் தோட்டப்பக்கம் தனியாக அழைத்தார்.

"மனச தேத்திக்கங்க எழிலரசி. இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். வெள்ளிக்கிழமை நம்ம கண்காட்சி இருக்கில்ல? பெரிய ஸ்கிரீன் வைக்கிறோம். வர்றவங்க ஸ்டியரிங்ல உக்காந்தா அவங்க கண்ண ஸ்கிரீன் படிக்கும், தூக்கம் வந்தா செவப்பாயிடும். அதுல ஒரு நெஜ கேஸ் காட்டுனா..."

"என்ன கேஸ் சார்?"

அவர் லேப்டாப்பைத் திறந்தார். திரையில் அப்பாவின் முகம் இருந்தது.

"கேமராவுல இருந்த கார்டு எப்படி சார் ஒங்ககிட்ட வந்துச்சு?"

"போலீஸ் வண்டிய எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடியே ஸ்பாட்டுக்குப் போயிட்டேன். நல்லவேள, கார்டுக்கு ஒண்ணும் ஆகல."

ஆஸ்பத்திரி வாசலில் அம்மாவும் அவளும் ஒரு மணி நேரம் தனியாக நின்றிருந்தபோது இந்த மனிதர் வயலில் இறங்கி கார்டைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். எழிலரசிக்கு வாயில் எச்சில் ஊறியது. விழுங்கப் பிடிக்கவில்லை.

"லேபிள் மட்டும் நீங்க போட்டாப் போதும். அப்பா கண்ணு ஒங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். மூணுதான், சந்தேகமே இல்ல. நம்ம மிசின் ஆறு செகண்டு முன்னாடியே அடிச்சிருக்கு. அப்பறம் காட்டுறதுக்குச் சம்மதம்னு இந்த ஃபாரத்துல அம்மா ஒரு கையெழுத்து..."

எழிலரசி லேப்டாப்பை வாங்கித் துணி துவைக்கும் கல்லின் மேல் வைத்தாள். ஓடவிட்டாள். அப்பாவின் இமைகள் இறுக மூடின. மூன்றுதான். எட்டு மாதமாக அறுபது டிரைவர்களுக்கு இப்படித்தான் போட்டிருக்கிறாள். அதில் எத்தனை பேர் வலியில் மூடினார்களோ, எத்தனை பேர் சாமியை நினைத்து மூடினார்களோ, அவள் கேட்டதில்லை. தன் விரல்களைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

ஆனால் அப்பாவின் வாய் அசைந்தது.

திருப்பி ஓடவிட்டாள். மறுபடி அசைந்தது. சத்தத்தை முழுதாக ஏற்றி, காதைக் கிட்டே வைத்துக் கேட்டாள். லேப்டாப்பை அப்படியே தூக்கிக்கொண்டு பந்தலுக்கு நடந்தாள்.

"எழிலரசி, எங்க போறீங்க? அது காலேஜ் டேட்டா!" என்று பின்னாலேயே வந்தார் பழனிவேல்.

ஐஸ் பெட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் அதை வைத்தாள். "சிலம்பரசண்ணா, உள்ள வாங்க. ஓனரு, நீங்களும் வந்து பாருங்க. ஆரோக்கியராஜ் மாமா, வாங்க" என்று கூப்பிட்டாள். ஆரோக்கியராஜ் அந்த பஸ்ஸின் கண்டக்டர். நேற்றிலிருந்து ஒரு மூலையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்தார்.

ஓடவிட்டாள். லேப்டாப்பில் பஸர் அடித்தது. கூட்டம் திடுக்கிட்டது. திரையில் தங்கராசு கண்ணை இறுக மூடிக்கொண்டு, இடது கையால் சட்டையை நெஞ்சோடு கசக்கிப் பிடித்திருந்தார். வலது கை ஸ்டியரிங்கை இடப்பக்கமாக ஒடித்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில், மூச்சுக்கு நடுவே, அவர் குரல் கேட்டது.

"புடிச்சிக்கிங்க... எல்லாரும்... கெட்டியா புடிச்சிக்கிங்க..."

படம் குலுங்கி நின்றது.

"ஐயோ மச்சான்" என்றார் ஆரோக்கியராஜ். "நான் பின்னால படியில நின்னேனே. எனக்கு இந்த மிசினு கத்துனதுதான கேட்டுச்சி!"

சிலம்பரசன் ஐஸ் பெட்டியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

அத்தோடு விட்டிருந்தால் மனிதர்கள் மேல் அவளுக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். பின்வரிசையிலிருந்து ஒருவர், "சரியாத் தெரியல, இன்னொரு தபா போடு பாப்பா" என்றார். முன்னால் இருந்தவர்களை இடித்துக்கொண்டு நாலு பேர் வந்தார்கள். ஒருவன் செல்போனைத் தூக்கித் திரைக்கு நேராகப் பிடித்தான். வைத்திலிங்கம் குனிந்து பார்த்து, "அப்ப வண்டியில கொறையில்லன்னு இதுலியும் தெளிவாத் தெரியுது" என்றார்.

பழனிவேல் அவள் காதருகே வந்தார். அவர் கண்கள் பளபளத்தன.

"ஆடியோ இருக்கறத நாம கவனிக்கவே இல்ல பாருங்க. இதையும் சேத்துட்டா இன்னும் நல்லா இருக்கும்."

"தூ!" என்றாள் எழிலரசி. "போயிடுங்க சார். இத எடுத்துக்கினு போயி எங்கியாவது காட்டுனீங்கன்னு கேள்விப்பட்டேன், அந்தக் கண்காட்சியில வந்து நிப்பேன். எல்லாத்தையும் சொல்லுவேன்."

பழனிவேல் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். லேப்டாப்பை எடுக்கக் கை நீட்டினார். சிலம்பரசன் நடுவில் வந்து நின்றுகொண்டான்.

அப்போது கூட்டம் விலகியது. தைலம்மாள் எழுந்து வந்திருந்தாள். அவளுக்கு அந்தக் குரல் உள்ளேயே கேட்டிருக்கும். நாற்காலிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். திரையில் படம் கடைசி இடத்தில் நின்றிருந்தது. நெற்றியிலும் மேலுதட்டிலும் முத்து முத்தாக வியர்வை.

"போடும்மா, இன்னொரு தபா" என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

தைலம்மாள் முந்தானையைச் சுருட்டிக் கையில் பிடித்தாள். திரையில் இருந்த நெற்றியைத் துடைத்தாள். மூக்குக்குக் கீழே துடைத்தாள், கழுத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தில் வியர்வை அப்படியே இருந்தது. அவள் மறுபடியும் நெற்றியிலிருந்து துடைக்க ஆரம்பித்தாள்.