மஞ்சள் பேனாவும் இருபத்தெட்டு நாளும்

மருந்துக் கிடங்கில் பெட்டி தூக்கும் அவளுக்கு, மருந்தாளுநர் உதவியாளர் தேர்வு இரண்டு முறை கைவிரித்துவிட்டது. மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. அதுவும் போனால் ஓய்வு பெறும்வரை பெட்டிதான். உழைப்பில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். புத்தகத்தைப் பத்துத் தடவை படித்து, வரி விடாமல் மஞ்சள் பேனாவால் தீட்டியிருந்தாள்.

"புத்தகத்துக்கு மஞ்சக்காமாலை முத்திடுச்சு, டாக்டர்கிட்ட காட்டு," என்பான் பஸ் ஓட்டும் கணவன்.

அவன் வாய் முகூர்த்தம், டாக்டரே வந்தார். கிடங்கு ஜன்னலுக்கு மருந்து வாங்க வந்த மூளை நரம்பு மருத்துவர் அவள் படிப்பதைப் பார்த்தார். புத்தகத்தை மூடச் சொல்லி, இப்போது படித்த பக்கத்தில் என்ன இருந்தது என்று கேட்டார். அவள் திருதிருவென்று விழித்தாள்.

"சரி, வலிப்பு மருந்து எங்க இருக்கு?"

"மூணாவது வரிசை, நாலாவது தட்டு, இடது ஓரம்." திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அவள்.

"இதை எத்தனை தடவ படிச்சீங்க?"

"இதைப் போய் யாராவது படிப்பாங்களா டாக்டர்? நாள் பூரா கேக்கறாங்க, சொல்றேன்."

"அவ்வளவுதாங்க விஷயம். பாத்துக்கிட்டே இருந்தா கண்ணுக்குத்தான் பழகும். மூளை தேடி எடுத்துக் குடுத்தாதான் அடுத்த தடவ சட்டுனு வரும். ரெண்டு நாள் விட்டு, மறக்கப் போற நேரத்துல மறுபடி கேக்கச் சொல்லுங்க."

அன்று மாலையே பேனா அலமாரி உச்சிக்குப் போனது. கேள்விகளைச் சீட்டில் எழுதி ஒரு காலி மருந்துப் பெட்டியில் போட்டாள். கிடங்கில் மருந்து கேட்பவர்கள் மாதிரியே கணவன் சமையலறை ஜன்னலுக்கு வெளியே நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டான். இருபதில் நாலுதான் சரி. பத்துத் தடவை படித்ததெல்லாம் விழலுக்கு இறைத்த நீரா! அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கை தானாக அலமாரி உச்சிக்குப் போனது, பாதியில் இறக்கிக்கொண்டாள்.

"கேளுங்க, அடுத்தது."

காய் நறுக்கிக்கொண்டிருந்த மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "பொஸ்தகத்த மூடி வச்சுட்டுப் படிக்கிறாளாம்! ஊர் உலகத்துல இல்லாத படிப்பு!"

நாள் ஆக ஆகத் தவறு குறைந்தது. ஒன்று மட்டும் சண்டித்தனம் செய்தது: திறந்த இன்சுலின் குளிர்பெட்டிக்கு வெளியே எத்தனை நாள் தாங்கும்? முதலில் பத்து என்றாள், பிறகு நாற்பது என்றாள். நாலாவது தடவையும் தடுமாறியபோது மாமியார் கத்தியைப் பலகையில் போட்டாள்.

"இருபத்தெட்டுடி! எத்தனை வாட்டி!"

தேர்வுக்கு முந்தின நாள் அவள் நேரத்தோடு படுத்தாள்.

"விடிஞ்சா பரீட்சை, தூக்கம் ஒரு கேடா?"

"படிச்சத மூளை தூக்கத்துலதான் அடுக்கி வைக்குமாம், அத்தை."

"அப்படின்னா எம் புள்ள இந்நேரம் விஞ்ஞானி ஆயிருக்கணும்."

தேர்வில் ஏழாவது கேள்வியாக அந்த இன்சுலின் வந்து நின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்தெட்டு என்று அழுத்தி எழுதினாள்.

முடிவு வந்த அன்று வாசலிலிருந்தே கூவினாள்: "பாஸ், அத்தை! இன்சுலினும் வந்துச்சு, உங்க சத்தம் அப்படியே காதுல கேட்டுது!"

மாமியார் முகத்தில் பூரிப்பு வழிந்தது. கணவன் சும்மா இருப்பானா? பெட்டியை எடுத்து அம்மாவிடம் இருபது சீட்டுக் கேட்டான். புத்தகத்தை ஒரு நாளும் தொடாத அம்மா பதினேழுக்குச் சரியாகச் சொன்னாள்.

மாமியார் கையைத் துடைத்துக்கொண்டு மருமகளைப் பார்த்தாள்.

"நாளைக்கு வரும்போது எனக்கும் ஒரு பரீட்சை ஃபாரம் வாங்கிட்டு வா."