மூன்று கல்வெட்டும் ஒரு பரீட்சையும்

பம்மல் தோல்கிடங்குத் தெருவில் புது நூலகம் கட்டி முடித்து ஏழு மாதம் பூட்டியே கிடந்தது. காரணம் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வயிறு எரிந்தது. கல்வெட்டில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று முடிவாகவில்லை. அவ்வளவுதான். நான் அந்த நூலகத்தின் நூலகர், ஞானஜோதி.

பழைய கட்டடம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரே கூடம். பாதியில் வார்டு அலுவலகம், பாதியில் என் புத்தகங்கள். அதை இடித்துவிட்டு இரண்டு மாடி எழுப்பினார்கள். கீழே வார்டு அலுவலகம், மேலே நூலகம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கென்றே ஏ.சி. போட்ட தனி அறை, நாற்பது நாற்காலி. நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை.

முதல் கல்லில் எங்கள் கவுன்சிலரம்மாவின் பெயர் பக்கத்து வார்டுக்காரர் பெயருக்குக் கீழே வந்துவிட்டது. அந்தம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் கணவர் முனிரத்தினம்தான் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். ஓட்டு வாங்கியது மனைவி, நாற்காலியில் உட்காருவது இவர். இரண்டாவது கல்லில் இன்ஜினியர் பெயர் விட்டுப்போனது. மூன்றாவது கல்லில் எல்லாருமே வந்தார்கள், ‘முன்னிலை’ என்ற தலைப்பில் முனிரத்தினமும் வந்தார். அதற்குள் அமைச்சர் கொடுத்திருந்த தேதி போய்விட்டது.

இந்தக் கூத்து நடந்த ஏழு மாதமும் புத்தகங்கள் சாக்கு மூட்டையில் கிடந்தன. நான் ரேஷன் கடை ஓரமாக ஒரு மேஜையும் இரண்டு செய்தித்தாளும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பெயர் தற்காலிக நூலகமாம்.

ரூக்சார் என்று ஒரு பெண், இருபத்தாறு வயது. பழைய கூடத்தில் தினமும் முதலில் வந்து கடைசியில் போகிறவள். போன குரூப் ஃபோர் தேர்வில் ஒரே ஒரு கேள்வியில் வேலை கைநழுவிப் போனது. அவள் வீடு ஒற்றை அறை. கீழே பெல்ட் தைக்கிற பட்டறை, காலையிலிருந்து ராத்திரி வரை மெஷின் நிற்காது. அதனால் ரேஷன் கடைக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து படித்தாள். ஷேர் ஆட்டோக்காரர்கள் “பல்லாவரம், பல்லாவரம்” என்று காதுக்குள்ளேயே கத்துவார்கள். அவள் காதைப் பொத்திக்கொண்டு வாய்க்குள் மனப்பாடம் செய்வாள். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“மேடம், பரீட்சை வரைக்கும் ஒரே ஒரு மாசம் தொறந்து வுட சொல்லுங்களேன்” என்றாள் ஒருநாள்.

முனிரத்தினத்திடம் போனேன். “சார், பிள்ளைங்க படிக்கத் திறந்து விடுங்க. விழாவை அப்புறம் வெச்சுக்கலாம்.”

“இன்னா மேடம் நீங்க, வெவரம் புரியாம பேசறீங்க? தொறந்துட்டா அப்பால அமைச்சர் இன்னாத்துக்கு வருவாரு? நாலு பேரு உக்காந்து எழுந்த பில்டிங்க புதுசுன்னு எப்படி சொல்றது?”

படித்தால் கட்டடம் பழசாகிவிடுமாம். ஏதோ சொல்லத்தான் வாயெடுத்தேன். அரசாங்கச் சம்பளம் வாயை மூடிவிட்டது.

கடைசியில் தேதி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரை. அன்றைக்குத்தான், அதே நேரத்துக்குத்தான், குரூப் ஃபோர். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம், நடுவில் ஒற்றைச் சுவர். ரூக்சாரின் ஹால் டிக்கெட்டில் இருந்ததும் அந்தப் பள்ளிதான். மறுபடி முனிரத்தினத்திடம் ஓடினேன்.

“ஒண்ணும் ஆவாது மேடம். ஸ்பீக்கர ரோட்டு பக்கம் திருப்பிடறோம்” என்றார்.

திருப்பினார்கள், பள்ளிக்கூடத்துப் பக்கமாக. ரோட்டுப் பக்கம் கட்டினால் பேனர் மறைகிறதாம்!

பள்ளியில் மணி அடித்தது. ஐந்தாவது நிமிடம் இங்கே ஆயிரம் வாலா வெடித்தது. அடுத்து பேண்டு வாத்தியம். அடுத்து வரவேற்புரை, யார் யாருக்கோ சால்வை. ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோல் வைத்த தட்டை என் கையில் கொடுத்து மேடையில் நிற்க வைத்திருந்தார்கள். பள்ளியிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்து கெஞ்சிப் பார்த்தார். “தோ, முடிஞ்சிடும்” என்று அனுப்பிவிட்டார்கள்.

முனிரத்தினம் மைக்கைப் பிடித்தார். “நம்ம ஏரியா புள்ளைங்க பரீட்சை எழுதி கவர்மெண்ட் வேலைக்கு போவணும். அதுக்காக ராப்பகலா நான் பட்ட பாடு இருக்கே...”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. தட்டை அவர் நாற்காலியிலேயே வைத்துவிட்டு மேடைக்குப் பின்னால் இறங்கினேன். மைக்செட்காரர் ஜாகிர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கினேன்.

“மேடம், இன்னா பண்றீங்க?”

“பரீட்சை முடியட்டும் தம்பி.”

மேடையில் முனிரத்தினத்தின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சத்தம் வரவில்லை என்று புரிந்ததும் பாய்ந்து வந்தார். “யார் மேல கை வெக்கறன்னு தெரியுமா? ஒன் வேலை பூடும்!”

“போகட்டும் சார். பன்னண்டரைக்கு மேல போகட்டும்.”

பிளக் என் கையிலேயே இருந்தது. ஒரு பெண்பிள்ளை கையிலிருந்து பிடுங்க, அத்தனை பேர் பார்க்க, அவருக்குத் துணிவில்லை. அமைச்சர் கடிகாரத்தைப் பார்த்தார், ரிப்பனை வெட்டினார், காரில் ஏறிப் போய்விட்டார். மூன்று கல் பார்த்த விழா அதோடு முடிந்தது.

பன்னிரண்டரைக்கு ரூக்சார் வெளியே வந்தாள். முகமெல்லாம் வேர்வை.

“எப்படிம்மா எழுதின?”

“மொத முக்கா மணி நேரம் தலைல ஒண்ணுமே ஏறல மேடம். நாப்பது கேள்விக்கு சும்மா குத்துமதிப்பா ஷேட் பண்ணிட்டேன். அப்பால திடீர்னு சத்தம் நின்னுச்சு, மீதிய நல்லா எழுதுனேன்.” துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். “கரண்ட் போயிடுச்சா மேடம்?”

அந்த முக்கால் மணி நேரமும் நான் தட்டை ஏந்திக்கொண்டு மேடையில்தான் நின்றிருந்தேன்.