ஐங்கரனின் கல் மணவறை

பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் மணவறை வாடகைக்கு விடுகிற ஐங்கரனுக்கு, நகருக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் ஒரு பழைய கோட்டைப் பண்ணைவீட்டில் கலியாண வேலை கிடைத்தது. மூலைக்கு ஒரு காவல் கோபுரம். சுவரெல்லாம் பாண் துண்டு மாதிரித் துளை விழுந்த மஞ்சள் கல்.

உரிமையாளர் தியரி வாசலிலேயே சொல்லிவிட்டார். "இது பாதுகாக்கப்பட்ட கட்டிடம். முற்றத்தில் எது எழும்பினாலும் இந்த ஊர்க் கல்லால்தான் எழும்ப வேண்டும்."

"கல் வெட்டவோ போறியள்?" என்று மனைவி சுபாங்கி கேட்டாள்.

"ரெஜிபோம் வெட்டுவம்."

டிவி பெட்டிக்குள் வருகிற அந்த வெள்ளை நுரைப்பலகையை வெட்டி, சூட்டுக் கம்பியால் துளை போட்டு, மஞ்சள் பூசினார்கள். பாசிக்கு சுபாங்கி காய்ந்த கறிவேப்பிலையைத் தூளாக்கி ஒட்டினாள். தியரி விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு முற்றத்துக்கு வழி விட்டார். கலியாணம் நன்றாக நடந்தது.

மணவறையைக் கழற்றப் போனபோது ஒருவர் அதைத் தடவிக்கொண்டு நின்றார். தொல்கட்டிடங்களைப் பார்வையிட வந்த அதிகாரி, பெயர் ழான்-மார்க்.

"இதைத் தொடாதீர்கள். பதினாலாம் நூற்றாண்டு," என்றார்.

"மெசியூ, இது நான் போன கிழமை செய்தது. நுரைப்பலகை."

ழான்-மார்க் இரக்கத்தோடு பார்த்தார். ஐங்கரனுக்கு ரோசம் வந்துவிட்டது. ஒரு தூணை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினார்.

ழான்-மார்க்கின் முகம் வெளிறியது. "மெதுவாக வையுங்கள்," என்றார். பிறகு தியரியிடம் திரும்பி, "இந்த ஊர்க் கல் இவ்வளவு இலேசானது என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லையே?" என்று கேட்டார்.

கல் இல்லையென்றால் விதியை மீறியதாகிவிடும். தியரி தரையைப் பார்த்தபடி, "எங்கள் தாத்தா சொல்லுவார்," என்றார். அன்றைக்கே மணவறையை ஒருவரும் கழற்றாதபடி சுற்றிக் கயிறு கட்டினார்கள்.

"அடுத்த சனி பியர்ஃபித்திலை கலியாணம் இருக்கு. இனி மணவறைக்கு என்ன செய்யிறது?" என்றாள் சுபாங்கி.

"அவையளை இஞ்சை வரச் சொல்லு," என்றார் ஐங்கரன், களைத்துப்போய்.

வந்தார்கள். எல்லாருக்கும் இடம் பிடித்துப்போனது.

பனி தொடங்குமுன் ஐங்கரனுக்கு இன்னொரு வேலை வந்தது. கிழக்குக் கோபுரத்தின் இடிந்த பக்கத்தை அதே இலேசுக் கல்லால் கட்டித்தர வேண்டுமாம். அந்தக் கல்லில் வேலை தெரிந்தவர் பிரான்சில் அவர் ஒருவர்தானாம். அது கல்லே இல்லையென்று சொல்லிப் பார்த்தார். கேட்பாரில்லை. கட்டினார்.

முடிந்ததும் ழான்-மார்க் வந்து புதுப் பகுதியைத் தட்டித் தலையாட்டினார். பிறகு பக்கத்துப் பழஞ்சுவரில் பெயர்ந்திருந்த ஒரு கல்லைத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை.

"இது ஏன் இவ்வளவு பாரம்?" என்றார் சந்தேகமாக. "யாரோ போலிக் கல்லை வைத்திருக்கிறார்கள்."