நுரை வராத பேஸ்ட்

நுரை குறைந்தால் பேட்ச் நின்றுவிடும். அதைப் பார்ப்பதுதான் என் வேலை. பேஸ்ட்டைக் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கரைத்து, அளவுக் குடுவையில் ஊற்றி, மூடி, கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். நுரை கோட்டைத் தொட்டால் கையெழுத்து. தொடாவிட்டால் மேனேஜருக்குப் போன்.

கம்பெனி கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கிறது. சொந்தப் பெயரில் எதுவும் விற்பதில்லை. மற்றவர்கள் பெயரில் பற்பசை செய்து அனுப்புகிறோம். அச்சு கோணலாக விழுந்த ட்யூப், மூடி சரியாக உட்காராத ட்யூப் எல்லாம் மாதக் கடைசியில் பை பையாக எங்களுக்கே வரும். உள்ளே இருப்பது நல்ல சரக்குதான். எங்கள் தெருவில் யாரும் காசு கொடுத்துப் பேஸ்ட் வாங்கியதில்லை. என் குளியலறையில் ஒரு வாளி நிறைய இருந்தது.

என் மனைவி திலகவதி போய் ஒரு வருடம் ஆகிறது. காய்ச்சல் என்று படுத்தாள். எழுந்திருக்கவில்லை. எங்கள் மகள் இளமதிக்கு அவள் வெறும் பிரஷ்ஷை நனைத்துத்தான் பல் தேய்த்துவிடுவாள். நான் அதைச் சரியாகச் செய்ய நினைத்தேன். அட்டைப் படத்தில் இருப்பதுபோல பிரஷ்ஷின் முழு நீளத்துக்கும் பேஸ்ட் வைத்தேன்.

"நைனா, எரியுது."

"நுரை வரட்டும். அவ்ளோதான்."

வராவிட்டால் இன்னும் கொஞ்சம் வைப்பேன். நானும் அதே ட்யூபில்தான் தேய்த்தேன். எனக்கு எரியவில்லை.

அவள் உதட்டின் உள்பக்கம் வெள்ளையாகப் புண் வந்தது. அது ஆறுவதற்குள் நாக்கின் ஓரத்தில் இன்னொன்று. தயிர்ச்சோறும் பாலும் தவிர எதையும் வாயில் வைக்கமாட்டாள். ரசத்துக்கே அழுதாள். எல்லோரும் சூடு என்றார்கள். இளநீர் கொடுத்தேன். மணத்தக்காளிக் கீரை கொடுத்தேன். டாக்டர் சத்து மருந்தும் பூசுவதற்கு ஒரு மருந்தும் எழுதினார். அவளுக்கு ஐந்து வயது. தோள்பட்டை எலும்பு சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

கோடை விடுமுறைக்கு கல்பனா அக்கா அவளை மணவாள நகருக்கு அழைத்துப் போனார். திலகவதிக்கு மூத்தவர். மே மாதம் கொண்டுவந்து விட்டபோது இளமதி வாயில் ஒரு புண் இல்லை. கன்னம் தேறியிருந்தது. வாரம் முடிவதற்குள் மறுபடி புண்.

போனில் அதைச் சொன்னதும் அக்கா பஸ் ஏறி வந்துவிட்டார். செருப்பைக் கழற்றியதும் முதல் வேலையாகக் குழந்தையின் உதட்டை மடக்கிப் பார்த்தார்.

"இன்னா தம்பி இது? எங்க ஊட்ல இருந்தப்போ கோழிக்கொழம்பு துன்னா. இங்க வந்ததும் வாய் வெந்து கெடக்குது."

"சூடுக்கா. மே மாசம்."

"எங்க ஊட்ல மட்டும் இன்னா, பனியா கொட்டுது? அதே வெயிலுதான். இந்த ஊடு அவளுக்கு ஒத்துக்கல."

"கேன் தண்ணிதான் குடுக்குறேன். பால் கூட அதே பாக்கெட்தான்..."

"ஒன்னைக் கொற சொல்லல தம்பி. ஆம்பள ஒத்த ஆளா இன்னா பண்ணுவே? எங்க ஊட்டாண்ட இருக்கற ஸ்கூல்ல சேத்துடறேன். நீ ஞாயித்துக்கெழமைல வந்து பாரு. ஸ்கூல் தொறக்கறதுக்கு முந்தின ஞாயிறு வந்து இட்டுகினு போறேன். துணி எல்லாம் எடுத்து வை."

அவர் சொன்னதில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. அங்கே புண் இல்லை, இங்கே இருக்கிறது. வேலையில் யாராவது இப்படிக் காட்டியிருந்தால் நானே கையெழுத்துப் போட்டிருப்பேன். இளமதி கதவுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது வழக்கம்போல ஒரு பை ட்யூப் நீட்டினேன். வழக்கம்போல அக்கா வாங்கவில்லை.

"டேமேஜ் ட்யூப்பு எங்களுக்கு இன்னாத்துக்கு? ஒன் சகலை மூஞ்சியச் சுளிப்பாரு."

பஸ் போய்விட்டது. பை என் கையில் இருந்தது. அக்கா வீட்டுக்குள் ஒருமுறைகூடப் போகாத பை.

வீட்டுக்கு வந்து இளமதியைக் கேட்டேன். "பெரியம்மா ஊட்ல எந்தப் பேஸ்ட்ல பல் தேச்சே?"

"பேஸ்ட்டு வாணாம்னேன். பெரியம்மா, சரி வுடு, லீவுதானேன்னாங்க. வெறும் பிரஷ்ஷு. அப்பறம் உப்புத் தண்ணி."

எங்கள் கிடங்கில் நுரைக்கான பொடி மூட்டையாக வந்து இறங்கும். சோடியம் லாரில் சல்பேட். மூட்டை பிரிக்கிறவர்கள் முகமூடியும் கண்ணாடியும் போட்டுக்கொள்வார்கள். பேஸ்ட்டில் சேர்வது கொஞ்சம்தான். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் பெரும்பாலோரில் என் மகள் இல்லை போலிருக்கிறது.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"சில பேருக்கு ஒத்துக்காது. மாத்திப் பாருங்க. ஆனா பேஸ்ட்டே இல்லாம விட்டுடாதீங்க. கடைவாய்ப் பல்லுல கறுப்பு ஆரம்பிச்சிருக்கு. ஃப்ளோரைடு இருக்கறதா வாங்குங்க. பட்டாணி அளவு போதும்."

ஸ்டேஷன் பக்கத்தில் அந்தோணி அண்ணன் மருந்துக்கடை. என் சட்டையில் இருந்த கம்பெனி பெயரைப் பார்த்ததும் அவர் சிரிக்க ஆரம்பித்தார்.

"பேஸ்ட்டா? நீயா? அல்வா கடைக்காரன் அடுத்த கடையில அல்வா கேட்ட மாதிரி இருக்குதே."

"குழந்தைக்குண்ணே. எரியாம, இயற்கையா எதாவது."

"இயற்கையா? இந்தா." மேசையில் வரிசையாக அடுக்கினார். எல்லா அட்டையிலும் இலை. ஒன்றில் ஒரு மரமே இருந்தது. மரம் இருந்ததை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் இளமதி பிரஷ்ஷை எறிந்துவிட்டுத் தெரு வரைக்கும் ஓடினாள். பக்கத்து வீட்டு விக்டோரியா அவளைப் பிடித்துத் தூக்கிவந்தாள். விக்டோரியா எங்கள் கம்பெனியில் ட்யூப் நிரப்பும் மெஷினில் இருக்கிறாள்.

"இன்னா சார், புள்ளைக்கு மொளகா அரைச்சி வச்சீங்களா?"

நான் என் நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. மோந்து பார்த்தேன். கிராம்பு எண்ணெய், பட்டை, புதினா. பின்பக்கம் அதே சல்பேட். இலை, மரம் எதுவும் பொய் இல்லை. கிராம்பும் இயற்கைதான். மிளகாயும் இயற்கைதான்.

சாயங்காலம் மறுபடி அந்தோணி அண்ணன் கடை. இந்தத் தடவை முன்பக்கத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தேன். சல்பேட் இருந்தால் இடதுபக்கம். கிராம்பு, பட்டை, காரமான புதினா இருந்தால் இடதுபக்கம். கரியும் உப்பும் பல்லைச் சுரண்டும், அதுவும் இடதுபக்கம். ஃப்ளோரைடு இல்லாததும் போனது. கூட்டம் சேர்ந்துவிட்டது. தலைவலி மாத்திரைக்கு வந்த ஒருவர், "இன்னாபா, பொண்ணு பாக்குறியா?" என்றார்.

"சும்மா இருய்யா," என்றார் அந்தோணி அண்ணன். "ஆபீசர் இன்ஸ்பெக்ஷன் நடக்குது." ஆனால் அவரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு ட்யூபைத் திருப்ப ஆரம்பித்திருந்தார்.

வலதுபக்கம் ஒன்றே ஒன்று நின்றது. அட்டையில் இலை இல்லை, மரம் இல்லை. தூசி மட்டும் இருந்தது. சல்பேட் இல்லை. நுரைக்குத் தேங்காயிலிருந்து எடுக்கும் மிதமான ஒன்று. கிளிசரின், சோற்றுக்கற்றாழை, ஃப்ளோரைடு. வாசனைக்கு லேசாக ஆரஞ்சு.

"அது ஓடாது தம்பி," என்றார் அந்தோணி அண்ணன். "வாங்கிகினு போனவங்க நுரையே வர்லன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க."

"குடுங்கண்ணே."

மறுநாள் அதை வேலைக்கு எடுத்துப் போனேன். குழந்தை வாயில் வைப்பதற்கு முன் என் குடுவையில் வைக்கத் தோன்றியது. கரைத்தேன், கவிழ்த்தேன், நிமிர்த்தினேன். நுரை அடியில் ஒரு மோதிரம்போல நின்றது. கோடு எங்கோ மேலே இருந்தது. சாம்பிள் கொண்டுவந்த விக்டோரியா எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, யார் பேட்ச் சார் இது? ஃபெயிலு."

"ஃபெயில்தான்."

"மேனேஜருக்குப் போன் பண்லியா?"

"இது இளமதிக்கு."

அவள் குடுவையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "நுரை வர்லன்னா பல் தேச்ச மாதிரியே இருக்காதே சார்."

"நுரை கண்ணுக்கு. பல்லைத் தேய்க்கிறது பிரஷ்தான்."

"அப்போ நாம இங்க இன்னாத்துக்கு சார் ஒக்காந்துகினு இருக்கோம்?" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

அன்று ராத்திரி வீட்டில் பிரஷ்ஷில் பட்டாணி அளவு வைத்தேன். இளமதி வாயைத் திறக்கவில்லை. மரப் படத்தை அவள் மறந்திருக்கவில்லை. விரல் நுனியில் தொட்டு அவள் உதட்டில் வைத்தேன். நக்கினாள். காத்திருந்தாள். எரிச்சல் வருமென்று இரண்டு பேரும் காத்திருந்தோம்.

"வரல," என்றாள்.

வாயைத் திறந்தாள்.

இருந்த புண்கள் ஆறின. புதிதாக எதுவும் வரவில்லை. தினமும் டார்ச் அடித்துப் பார்த்தேன். கம்பெனியில் குழந்தைகள் அறை உண்டு. விடுமுறையில் அவளை அங்கேதான் விடுவேன். ஒருநாள் ஆயா வந்து, "உங்க பொண்ணு பக்கத்துப் புள்ளையோட எலுமிச்சஞ்சோத்தப் புடுங்கித் துன்னுட்டா," என்று புகார் சொன்னார். நான் அவருக்கு நன்றி சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

கல்பனா அக்காவிடம் போனில் சொல்லவில்லை. சொன்னால் நம்பமாட்டார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சொன்ன ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தார். ஒரு கையில் பெரிய காலிப் பை, துணி எடுத்துப் போக. இன்னொரு கையில் தூக்கு. பழவேற்காட்டு நண்டு, மசாலா சிவக்கச் சிவக்க. திலகவதி வீட்டுக் கைப்பக்குவம், கண்ணில் நீர் வராமல் சாப்பிட முடியாது. குழந்தைக்குத் தனியாகச் சின்ன டப்பாவில் தயிர்ச்சோறு.

"சாப்ட்டுட்டுக் கெளம்பிடலாம். துணி எடுத்து வச்சியா?"

"சாப்பிடலாம்க்கா."

தட்டு வைத்தேன். அக்கா தயிர்ச்சோற்று டப்பாவைத் திறந்து இளமதி முன்னால் நகர்த்தினார். இளமதி அதைப் பார்த்தாள். தூக்கைப் பார்த்தாள். கையை நீட்டி ஒரு பெரிய கொடுக்கை எடுத்தாள்.

"ஏய், ஏய், வாணாம்டி! காரம்! தம்பி, புடி அவள!"

நான் பிடிக்கவில்லை.

இளமதி கொடுக்கைக் கடைவாயில் வைத்துக் கடித்தாள். ஓடு உடைந்தது. உறிஞ்சினாள். மசாலா முகவாயில் வழிந்தது. உள்ளங்கையால் துடைத்து, அந்தக் கையையும் நக்கினாள். அடுத்ததாக ஒரு காலை எடுத்தாள். அக்கா சொம்புத் தண்ணீரைக் கையில் பிடித்துக்கொண்டு, அழுகை எப்போது வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

"எங்க, வாயத் தொற," என்றார் அக்கா.

இளமதி ஆவென்று திறந்தாள். அக்கா உதட்டை மடக்கினார். நாக்கைத் தூக்கச் சொன்னார். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். நண்டுச் சதை தவிர ஒன்றும் இல்லை.

"இன்னா பண்ணே?"

"பேஸ்ட் மாத்தினேன்."

"பேஸ்ட்டா? இத்தினி பேஜாருக்கும் பேஸ்ட்டா காரணம்?"

"உங்க ஊட்ல அவ பேஸ்ட்டே தொடலக்கா. அதான் அங்க ஆறிடுச்சு."

அக்கா எழுந்து குளியலறைக்குப் போனார். வாளி காலியாக இருந்தது. தட்டில் அந்த ஒற்றை ட்யூப். எடுத்து மோந்து, கொஞ்சம் விரலில் எடுத்து, அங்கேயே தேய்த்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. துப்பிவிட்டு வந்தார்.

"நுரையே இல்ல."

"இல்லக்கா."

"ஒன் சகலைக்குக் கூட எப்பப் பாரு உதட்டுல புண்ணு. எனக்கு ரெண்டு வாங்கி வை. டேமேஜ் ட்யூப்பு வாணாம்."

இளமதி நண்டுக் காலை வாயிலிருந்து எடுக்காமலேயே கேட்டாள். "பெரியம்மா, பை இன்னாத்துக்கு?"

அக்கா காலிப் பையை மடித்தார். இன்னும் சின்னதாக மடித்தார். "மாங்கா வாங்கிகினு போலாம்னு எடுத்தாந்தேன்டி. நீ துன்னு. ஸ்கூலுக்கு இங்கருந்தே போ." என்னைப் பார்த்து, "யூனிபார்ம் தெச்சிட்டியா? இல்ல அதுவும் கடைசி நாள்ளதானா?" என்றார்.

"தைச்சாச்சுக்கா."

"பார்றா! இவன் மொதல்லயே முடிவு பண்ணிட்டான்!"

இளமதி தன் தட்டிலிருந்த ஒரு கொடுக்கை எடுத்து என் வாயில் திணித்தாள். கடித்தேன். மசாலா உதட்டில் பட்டது. பிறகு நாக்கில். மிளகாய், மிளகு, பூண்டு ஒவ்வொன்றாக வந்தன. காது சுட்டது. மூக்கில் நீர் வழிந்தது. தண்ணீரைத் தேடினேன்.

அவள் நாற்காலி மேல் ஏறி நின்று இரண்டு சிவந்த கைகளையும் தூக்கினாள்.

"எனக்கு எரியல! நைனாவுக்குத்தான் எரியுது!"