சிக்கிய காகிதத்தை எடுக்க வேண்டாம்

பதிவு அலுவலகத்து மெஷின்காரரின் அண்ணன், அழிக்கப்பட்ட பிறகு ஒன்பது வருஷமும் நான்கு மாதமும் உயிரோடு இருந்தார். அழித்தது மெஷின்காரர்தான். வேண்டுமென்று செய்யவில்லை என்று அவர் சொன்னதை அலுவலகத்தில் எல்லோரும் நம்பினார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் மேலும் கீழுமாக இருந்துகொண்டு ஆறு வருஷமாக முகம் கொடுத்துப் பேசவில்லை என்பது தெரிந்திருந்தும் நம்பினார்கள். ஏனென்றால் அது பகையில் செய்கிற தவறு இல்லை. அந்தத் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே, அதுவும் கை தேர்ந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. மெஷின்காரரின் திரையில் இரண்டு கறுப்பு ஜன்னல்கள் அக்கம்பக்கமாகத் திறந்திருந்தன. ஒன்று சோதனை மெஷின், எதை வேண்டுமானாலும் போட்டு உடைத்துப் பார்ப்பதற்கு. மற்றது ஊரில் உள்ள அத்தனை பேரின் பதிவும் இருக்கிற அசல் மெஷின். இரண்டுமே யூனிக்ஸ் வம்சத்தில் வந்தவை. அழி என்று சொன்னால் 'நிஜமாகவா' என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்காத வம்சம் அது. ஒரு வியாழக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, சோதனை மெஷினில் அடிக்க வேண்டிய கட்டளையை அவர் பக்கத்து ஜன்னலில் அடித்தார். ஒன்றரை விநாடியில் ஜன்னல் மாறியது தெரிந்தது. கட்டளையை நிறுத்தினார். அந்த ஒன்றரை விநாடியில் ஊரே போயிருக்கலாம். அன்று டிஸ்க் மந்தமாக இருந்த புண்ணியத்தில் போனது ஒரே ஒரு கோப்பு. அது அண்ணனுடையது.

காப்பு நகல் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்காக இதையும் எழுதி வைக்கிறேன். இருந்தது. எட்டு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் 'வெற்றி' என்று செய்தி அனுப்பிவிட்டு, வெறும் டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தது. திருப்பி எடுத்துப் பார்த்தால்தானே தெரியும், யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

அதே நிமிடம் அண்ணன் கீழ்த்தளத்தில் மூன்றாம் கவுன்டருக்கு முன்னால் நின்றிருந்தார். தம்பியோடு ஒரே கூரையில் இருந்தது போதும் என்று, அண்ணியைக் கூட்டிக்கொண்டு அண்ணியின் தங்கை இருக்கிற ஊருக்குக் குடிபோவதாக முடிவு செய்திருந்தார். அதற்கு ஓர் இருப்பிடச் சான்றிதழ் வேண்டியிருந்தது. கவுன்டர்காரி பொத்தானை அழுத்தினாள், பிரின்டர் காகிதத்தைப் பாதிவரை இழுத்து அப்படியே சிக்கிக்கொண்டு நின்றது. சான்றிதழை அடிக்கும் நிரல் அண்ணனின் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, பிரின்டர் எப்போது பதில் சொல்லும் என்று காத்திருந்தது. மேல்மாடியில் தம்பி அழித்தது அப்போதுதான். இந்த வம்சத்து மெஷின்களுக்கு ஒரு குணம் உண்டு. ஏதாவது ஒரு நிரல் ஒரு கோப்பைப் பிடித்துக்கொண்டிருக்கையில் அதை அழித்தால், பட்டியலிலிருந்து பெயர் மட்டும் போகும். கோப்பு போகாது. பிடித்த கை விடும்வரை இருக்கும், விட்டதும் போய்விடும். அண்ணன் அந்தப் பிடியில் இருந்தார். காகிதத்தை எடுத்துவிட்டால் சான்றிதழ் அச்சாகி முடியும், நிரல் கையை விடும். மெஷினை நிறுத்திப் போட்டாலும் கை விடும். இதைக் கண்டுபிடிக்க மெஷின்காரருக்கு இருபது நிமிடம் ஆனது. அதற்குள் அண்ணன் வாசலில் இருந்த பார்சல் தராசின் மேல் தற்செயலாகக் கால் வைத்து, முள் அசையவில்லை என்று கவுன்டர்காரியிடம் புகார் செய்துகொண்டிருந்தார்.

மெஷின்காரர் படிகளில் இறங்கி ஓடி வந்து, ஆறு வருஷத்தில் முதல்முறையாக அண்ணனின் கையைப் பிடித்தார். கை இருந்தது, சூடும் இருந்தது. எடை மட்டும் இல்லை. "அண்ணே, இன்னிக்கி சான்றிதழ் வேண்டாம்ணே" என்றார். "உனக்கு நான் போறதுலயும் பொறாமையா?" என்று கேட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்கு நடந்தார். ஊருக்குப் போக பஸ் ஏறியபோது ஊர் எல்லை தாண்டும் இடத்தில் மயங்கி விழுந்தார். மூன்று நாள் முயன்று மூன்று நாளும் விழுந்தார். பிறகு மூட்டைகளைப் பிரித்து, பாத்திரங்களைப் பழைய இடத்திலேயே அடுக்கினார்கள். கண்ணாடியில் அவர் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டால் மை காய்வதற்குள் மறைந்தது. மற்றபடி நன்றாகத்தான் இருந்தார்.

மெஷின்காரர் முதலில் செய்தது, அந்தத் தொழிலில் யாரும் செய்யக்கூடியதுதான். நிரலின் கையில் இருந்த கோப்பை அப்படியே நகலெடுத்தார். பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், உயரம், இடது புருவத்துத் தழும்பு, எல்லாம் எழுத்துப் பிசகாமல் வந்தன. அதைப் பதிவேட்டில் பழைய இடத்தில் வைத்துவிட்டு, அண்ணனைக் கெஞ்சிக் கூத்தாடித் தராசில் ஏற்றினார். முள் அசையவில்லை. அண்ணி அந்த நகலை வாங்கி இரண்டு முறை படித்தாள். "இதெல்லாம் அவரைப் பத்தின சேதி தம்பி. அவரு இதுல இல்ல" என்று திருப்பிக் கொடுத்தாள். ஓடுகிற நிரலை ஓட ஓடத் தூக்கி வேறொரு மெஷினில் வைக்க முடியுமா என்றும் பார்த்தார். மூன்று முறை முயன்றார், மூன்று முறையும் வீட்டில் அண்ணனுக்கு மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. நாலாவது முறை முயல அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

ஆகவே ஊரிலேயே பழுது பார்ப்பதில் முதல் ஆளான அவர், ஒரு பிரின்டரைப் பழுதாகவே வைத்திருக்கும் வேலையை ஏற்றுக்கொண்டார். 'சிக்கிய காகிதத்தை எடுக்க வேண்டாம்' என்று அதன் மேல் எழுதி ஒட்டினார். வந்து போகிறவர்கள் அதைப் படித்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை, எந்த அலுவலகத்தில்தான் அப்படி ஒரு பிரின்டர் இல்லை. மேலதிகாரிக்கு நடந்ததை நடந்தபடி மூன்று பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். மேலதிகாரி தணிக்கைக்கு எழுத, தணிக்கையிலிருந்து இருவர் வந்து அண்ணனைத் தராசில் நிறுத்தி, 'எடை: இல்லை. ஆள்: உண்டு' என்று குறித்துக்கொண்டு போனார்கள். வேறொரு பிரின்டர் வாங்க அனுமதி வந்தது. காரணம் என்ற கட்டத்தில் 'குடும்பச் சூழ்நிலை' என்று இருந்தது.

மெஷினை நிறுத்தக் கூடாது என்பதுதான் பெரிய வேதனையாகிவிட்டது. எந்தக் கோளாறுக்கும் அந்தத் தொழிலில் கடைசி மருந்து ஒன்று உண்டு. அணைத்துவிட்டுப் போடுவது. அந்த மருந்து அவருக்கு இல்லை. இரண்டாம் வருஷம் விசிறி நின்றது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடியைக் கழற்றி, ஒரு கையால் மேஜை விசிறியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் புது விசிறியை மாட்டினார். அந்த நாற்பது நிமிடமும் அண்ணனுக்கு நூற்று நான்கு டிகிரி காய்ச்சல். மூன்றாம் வருஷம் ஏதோ ஒரு நிரல் கொஞ்சம் கொஞ்சமாக நினைவகத்தை விழுங்கிவிட்டது. மெஷின் ஊர்ந்தது, அண்ணனும் ஊர்ந்தார். ஒரு டம்ளர் தண்ணீரை வாய்க்குக் கொண்டுபோக அவருக்கு அரை மணி நேரம் பிடித்தது, அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கிய நிரலை மெஷின்காரர் தேடிப் பிடித்துக் கொன்றபோது, அண்ணன் மீதித் தண்ணீரை மடக்கென்று குடித்துவிட்டு, "சனியன்" என்றார். யாரைச் சொன்னார் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஐந்தாம் வருஷம் கடிகாரம் ஒரு நாள் பின்தங்கிப்போய், நேற்றுக் கேட்ட கேள்விகளுக்கு அண்ணன் இன்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மெஷின்காரர் நேரத்தைப் பட்டென்று திருத்தாமல், விநாடி விநாடியாகத் தள்ளி இரண்டு மாதத்தில் சரிசெய்தார். மெஷின்காரருக்குக் கல்யாணம் பேசிய இடத்தில் பெண் வீட்டார் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு இடம் பார்த்தார்கள். அவர் விடுப்பும் எடுக்கவில்லை. மின்சாரம் போனால் தாங்குவதற்காக பேட்டரிகளை அடுக்கிய அறையில், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இத்தனையும் அண்ணன் மேல் இருந்த பாசத்தில் செய்தார் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். பாசம் இருந்திருக்கலாம். பயம்தான் அதிகம் என்று நான் நினைக்கிறேன். தன் விரலால் செய்ததைத் தன் கண்ணால் பார்க்கப் பயம்.

ஏழாம் வருஷம் டிஸ்க் கெடத் தொடங்கியது. ஒன்றைப்போல் இன்னொன்றாக இரண்டு டிஸ்க்குகள் இருந்தன. ஒன்று செத்ததும் அதை உருவிவிட்டுப் புதிதைச் செருகினார். உயிரோடு இருந்ததிலிருந்து புதிதுக்கு எல்லாவற்றையும் படியெடுத்து முடிக்கவேண்டும். படியெடுக்கும்போதுதான் உயிரோடு இருந்ததிலும் அங்கங்கே ஓட்டை என்று தெரிந்தது, படியெடுப்பு முடியவே இல்லை. படிக்க முடியாத இடங்களின் எண்களை மெஷின் வரிசையாகத் தன் குறிப்பேட்டில் எழுதியது. ஒவ்வொரு எண்ணுக்கும் வீட்டில் ஏதோ ஒன்று குறைந்தது. அண்ணனுக்குப் புதன்கிழமைகள் மறந்தன. பிறகு பச்சை நிறம். பிறகு மாடிப்படி ஏறுவது எப்படி என்பது மறந்து, கட்டிலைக் கீழே தம்பியின் பகுதிக்கு இறக்கினார்கள். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "ஏன்டா, நாம ரெண்டு பேரும் எதுக்குடா பேசாம இருந்தோம்?" என்று கேட்டார்.

மெஷின்காரருக்கு நன்றாகத் தெரியும். அம்மா ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்தபோது, பழைய மெஷினிலிருந்து புதிதுக்கு மாற்றும் வேலை என்று அவர் ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. சோறு கொண்டுபோனது, துணி மாற்றியது, கடைசியில் தூக்கிக்கொண்டு வந்தது எல்லாம் அண்ணனும் அண்ணியும். "தெரியலண்ணே" என்றார். அண்ணி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்கு அவர் நிம்மதியாகத் தூங்கினார், அதுதான் கேவலம். அவரே பின்னால் அப்படித்தான் சொன்னார்.

பத்தாம் வருஷத்தில் குறிப்பேடு ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் நிறைந்தது. அண்ணன் ஒரு காலை அண்ணியைப் பார்த்து, "நீங்க யாரும்மா, விருந்தாளியா?" என்று கேட்டார். அண்ணி அவருக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். பிறகு தம்பியிடம் வந்து, "இன்னும் எத்தனை நாளு தம்பி?" என்றாள். மூன்று வாரம், அதற்குள் டிஸ்க் தானாகவே நின்றுவிடும் என்று மெஷின்காரர் சொன்னார். நின்றால் எந்த இடத்தில் நிற்கும், அண்ணன் வாயில் சோற்றோடு இருக்கும்போதா, ஒரு வாக்கியத்தின் நடுவிலா என்று அவரால் சொல்ல முடியாது. அண்ணி ஒரு நாள் முழுக்க யோசித்தாள். "அவரு பாதியில நிக்க வேண்டாம். ஒரு காகிதம் கேட்டுத்தானே வந்தாரு. அதை முழுசா அடிச்சுக் குடுத்துடுங்க" என்றாள்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அண்ணனை அழைத்துக்கொண்டு வந்து மூன்றாம் கவுன்டருக்கு முன்னால் நிறுத்தினார்கள். வரிசையில் இருந்தவர்கள் வழிவிட்டார்கள், அவர் முன்னமே வந்தவர் என்று கவுன்டர்காரி விளக்கினாள். மெஷின்காரர் பிரின்டரின் மூடியைத் திறந்தார். உருளைக்குள் சிக்கியிருந்தது கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கிழிசல். அதை இடுக்கியால் பிடித்தார், பிடித்தபடியே நின்றார். பிறகு, திரும்பிப் பார்க்காமல், அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது தான் வரவில்லை என்றும், அதற்காகத்தான் இருவரும் பேசாமல் இருந்ததாகவும், கேட்டபோது பொய் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். வரிசையில் இருந்த இருபது பேரும் கேட்டார்கள்.

"வேலை இருந்திருக்கும்டா உனக்கு" என்றார் அண்ணன்.

அவருக்கு அம்மா என்பதே யாரென்று நினைவில்லை என்பது அந்தக் குரலில் தெரிந்தது. திட்டத் தெரிந்த அண்ணன் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மன்னிப்பு யாரிடம் வாங்க வேண்டுமோ அந்த ஆள் கிடைக்கப்போவதில்லை என்பது மெஷின்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. கிழிசலை எடுத்து மூடியைச் சாத்தினார். பிரின்டர் இரண்டு முறை முனகிவிட்டு ஒன்பது வருஷத்துக் காகிதத்தை மறுபக்கம் தள்ளியது. மேல்பாதி பழுத்திருந்தது, கீழ்ப்பாதி பளிச்சென்று இருந்தது. அண்ணன் அதை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்து, மேற்படி நபர் மேற்படி முகவரியில் வசிக்கிறார் என்பதுவரை விரல் வைத்துப் படித்தார். "சரியாத்தான் இருக்கு" என்றார். காகிதம் தரையில் விழுவதற்குள் அண்ணி பிடித்துக்கொண்டாள். அவர் நின்ற இடத்துக்கு வரிசை ஓர் அடி நகர்ந்தது.

அண்ணி அந்த வாரமே சான்றிதழை எடுத்துக்கொண்டு தங்கை ஊருக்குப் போனாள். அங்கே வீடு பிடிக்கும்போது அதைக் காட்டினாள், இரண்டு பேர் என்று எழுதிக்கொண்டு சாவியைக் கொடுத்தார்கள். அவள் திருத்தவில்லை. தம்பிக்குக் கடிதம் எதுவும் வரவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

மெஷின்காரர் அன்று மதியம் மெஷினை அணைத்துவிட்டுப் போட்டார். ஒன்பது வருஷமாகத் துரத்திய கோளாறுகளில் பாதி, நான்கு நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டன. புது டிஸ்க் ஒன்றைச் செருகியதும் மீதியும் தீர்ந்தது. வழக்கப்படி எல்லாவற்றையும் சரிபார்த்து எழுதினார்: விசிறி சரி, நினைவகம் சரி, கடிகாரம் சரி. டிஸ்க்கில் காலி இடம் முன்பைவிட நான்கு கிலோபைட் கூடியிருந்தது. கணக்கில் தப்பு இருக்குமோ என்று மறுபடி பார்த்தார். நான்குதான். ஒரு கோப்புக்கு அந்த மெஷின் ஒதுக்குகிற குறைந்தபட்ச இடம் அது. செவ்வாய்க்கிழமை காலையில் முதல் விண்ணப்பம் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தது. யாருடையது என்று அவர் பார்க்கவில்லை.