ஒரே குவியலாய்த் தவளை முட்டை

டெல்ஃபா ஸ்ட்ரௌடுக்கு அந்தக் காப்பக அதிகாரி மேல் முதல் நாளிலிருந்தே சந்தேகம். மெரிட் என்று பெயர். மார்பு வரை ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, ஆடம்ஸ் மலைப் பனி உருகித் தேங்கிய அவளுடைய மேய்ச்சல் நிலத்தில் விடிந்ததும் இறங்கிவிடுவான். தவளை எண்ணுகிறானாம்!

நிலம் வனவிலங்குக் காப்பகத்துடையது, குத்தகை அவளுடையது. இருபத்தாறு வருடமாக அவள் மாடுகளுக்கு அதுதான் கதி. இந்த மாதம் குத்தகையைப் புதுப்பிக்க வேண்டும். அருகிவரும் புள்ளித் தவளை அங்கே இருப்பது தெரிந்தால் மாட்டை விரட்டிவிடுவார்கள் என்று தீவனக் கடையில் பேச்சு. நெருப்பில்லாமல் புகையுமா?

திங்கட்கிழமை அவளே போய்ப் பார்த்தாள். ஒரு முட்டை இல்லை. புதன்கிழமை சாயங்காலம் பார்த்தால், கணுக்கால் ஆழத் தண்ணீரில் முட்டைக் கட்டிகள், முப்பதுக்கு மேல், ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே குவியல். அடப்பாவி! அவள் பார்க்காத தவளையா? வீட்டுக் குளத்துச் செங்கால் தவளை ஆழத்தில், தண்டுக்கு ஒன்றாக, தள்ளித் தள்ளித்தான் முட்டையை ஒட்டும். எந்தத் தவளை பொதுக்கூட்டம் போட்டு முட்டையிடும்? வாளியில் கொண்டுவந்து கொட்டியிருக்கிறான் படுபாவி.

மண்வெட்டியை எடுத்தாள். அத்தனையையும் கரைப் புதருக்குள் வாரி எறிந்தாள். அன்றிரவு உறைபனி கொட்டியது.

மறுநாள் காலை மெரிட் சிரித்துக்கொண்டே வந்தான். உள்ளங்கையில் ஒரு தவளை.

"என்னய்யா சிரிப்பு? வாளி காலியாயிடுச்சா?"

"எந்த வாளி? இதப் பாருங்க டெல்ஃபா. கண்ணு ரெண்டும் வானத்தப் பாக்குது. செங்காலுக்குப் பக்கவாட்டுல இருக்கும். கரும்புள்ளிக்கு நடுவுல வெளுப்பு. பின்னங்கால் விரல் நுனி வரைக்கும் சவ்வு. அசல் புள்ளித் தவளை!"

"சரி, மாட்ட எப்பத் தொரத்தப் போற? அதச் சொல்லு."

"தொரத்தறதா? நல்லாச் சொன்னீங்க! வேலிக்கு அந்தப் பக்கம் ஆளுயரப் புல்லுல ஒரு முட்டை கெடையாது. உங்க மாடு மேஞ்ச கட்டைப் புல்லுல மட்டுந்தான் வைக்குது. மாடு இருந்தே ஆகணும்னு எழுதப்போறேன். ஆபீஸ்லதான் நம்ப மாட்டேங்கறாங்க. தண்ணிக்குள்ள முட்டை இருக்கற படம் கேக்கறாங்க. இன்னிக்குக் கேமரா கொண்டாந்திருக்கேன்."

டெல்ஃபா கரைப் புதரை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் விடவில்லை. "எல்லாம் ஒரே எடத்துல எப்படிய்யா வரும்? யார் காதுல பூ சுத்தற?"

"இதோட வழக்கமே அதானே. ஒண்ணு வச்ச எடத்துலயே அடுத்ததும் வந்து வைக்கும். ரெண்டே நாள்ல குவிஞ்சிடும். வருஷத்துக்கு ஒரே தடவைதான்."

பேசிக்கொண்டே அவன் தண்ணீரில் இறங்கிக் குனிந்து தேடினான். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்த் தேடினான்.

"இங்கதானே இருந்துச்சு... கொக்கு கிக்கு தின்னிருக்குமோ?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளுக்கு வாய் வரவில்லை.

"கொக்கு இல்லய்யா. நான்தான்."

அவள் கரைக்கு ஓடினாள். பனியில் வெளுத்துப்போன கட்டிகளை வெறுங்கையால் வாரி வாரித் தண்ணீரில் விட்டாள். விரல் மரத்துப்போனது. அவன் பின்னாலேயே வந்து நின்றான்.

"விடுங்க டெல்ஃபா. இது இனி பொரியாது."

"அடுத்த வருஷம் வைக்கும்ல?"

"மாடு இருந்தா வைக்கும்."